முக்கால் அங்குலமும் கால் அங்குலமும்

செய்தித்தாளில் துப்பாக்கிச் செய்தி வந்தால் கூடவே ஓர் எண்ணும் வரும். .32 ரிவால்வர், .303 ரைஃபிள், 9 எம்.எம். பிஸ்டல், 7.62 தோட்டா. எண் பெரிதென்றால் குண்டு பெரிது, குண்டு பெரிதென்றால் ஆபத்தும் பெரிது என்றுதான் நம்மில் பலர் எடுத்துக்கொள்கிறோம். அந்தக் கணக்கு தப்பு.

இந்தியாவில் உரிமம் பெற்றவர் வாங்கக்கூடிய .32 ரிவால்வரின் குண்டு ஏறத்தாழ 7.9 மி.மீ. விட்டம். பழைய போலீஸ்காரர்கள் 'த்ரீ நாட் த்ரீ' என்று சொல்லும் .303 ரைஃபிளின் குண்டும் 7.9 மி.மீ. தான். ஏ.கே. வகைத் துப்பாக்கியின் குண்டும் அதே அளவுதான். மூன்றையும் தோட்டாவிலிருந்து பிரித்து அடிப்பக்கம் மட்டும் தெரியும்படி வைத்தால், எது எதனுடையது என்று வெறுங்கண்ணால் சொல்ல முடியாது. ஆனால் குழலை விட்டு வெளியேறும்போது .32 குண்டு சுமார் 150 ஜூல் ஆற்றலோடு போகிறது. ஏ.கே. குண்டு சுமார் 2,000 ஜூல். .303 குண்டு 3,100 ஜூல். விட்டம் ஒன்று, வலுவில் இருபது மடங்கு வித்தியாசம்.

அப்படியானால் அந்த எண் எதைச் சொல்கிறது? இந்த நாட்டில் கடந்த இருநூற்றைம்பது ஆண்டுகளில் சிப்பாயும் காவலரும் குடிமக்களும் ஏந்திய துப்பாக்கிகளை வரிசையாகப் பார்த்தால் அதற்கு விடை கிடைக்கும்.

ஈயக் குண்டின் காலம்

கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய் தோளில் சுமந்தது 'பிரவுன் பெஸ்' என்ற மஸ்கட். அதன் குழலின் உள்விட்டம் .75 அங்குலம், அதாவது 19 மி.மீ. உள்ளே போடும் ஈயக் குண்டு அதைவிடச் சற்றுச் சின்னது. சுமார் 17.5 மி.மீ. விட்டம், ஏறக்குறைய 32 கிராம் எடை. பிள்ளைகள் விளையாடும் கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிய ஈய உருண்டை.

குழலுக்கும் குண்டுக்கும் நடுவே அந்த இடைவெளி வேண்டும் என்றே விட்டார்கள். கரும்வெடிமருந்து ஒவ்வொரு சூட்டுக்கும் குழலுக்குள் கசடு படியச் செய்யும். குண்டு இறுக்கமாக இருந்தால் நாலைந்து சூட்டுக்குப் பிறகு உள்ளே இறங்காது. இடைவெளி விட்டதற்கான விலையைக் குறியில் கொடுக்க வேண்டியிருந்தது. குண்டு குழலின் சுவரில் இங்கும் அங்கும் முட்டிக்கொண்டு எந்தப் பக்கம் சாய்ந்து வெளியேறுகிறதோ அந்தப் பக்கம் போகும். நூறு கஜத்துக்கு அப்பால் நிற்கும் ஒருவனைக் குறிவைத்து அடிப்பது நம்பிக்கையில்லாத காரியம். அதனால்தான் படைகள் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுட்டன. 1806-இல் வேலூர்க் கோட்டையில் எழுந்த சிப்பாய்களின் கையில் இருந்ததும் இந்த வகை மஸ்கட்தான்.

1853-இல் வந்த என்ஃபீல்டு ரைஃபிள் இந்த நிலையை மாற்றியது. குழலின் உள்விட்டம் .577 அங்குலம், அதாவது 14.7 மி.மீ. உள்ளே திருகுபோல் ஓடும் வரிப்பள்ளங்கள். குண்டும் உருண்டையாக இல்லாமல் கூம்பு முனையோடு நீண்டது. சுடும்போது மென்மையான ஈயம் விரிந்து வரிப்பள்ளங்களைப் பற்றிக்கொள்ளும். குண்டு சுழன்றபடி நேராகப் போகும். மஸ்கட்டைவிட விட்டம் குறைந்தது, ஆனால் குண்டு நீண்டதால் எடை சுமார் 34 கிராம், குறையவே இல்லை. எட்டும் தூரமோ பல மடங்கு கூடியது.

இந்த ரைஃபிளின் காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழித்துத்தான் மருந்தைக் கொட்ட வேண்டும். அதில் தடவிய கொழுப்பு பசுவினதா பன்றியினதா என்ற கேள்வி 1857-இல் எங்கே கொண்டுபோய் விட்டது என்று நமக்குத் தெரியும். அதற்கடுத்து நடந்ததை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. கிளர்ச்சி ஒடுக்கப்பட்டதும் இந்தியச் சிப்பாய்களுக்கென்று தனியாக ஒரு துப்பாக்கி செய்தார்கள். வெளித்தோற்றத்தில் என்ஃபீல்டு போலவே இருக்கும். உள்ளே வரிப்பள்ளம் இல்லை. குழலை .656 அங்குலத்துக்கு அகலப்படுத்தி வழவழப்பாக விட்டிருந்தார்கள்.

எண்ணை மட்டும் பார்த்தால் .577-ஐவிட .656 பெரியது. துப்பாக்கியோ வலுவிழந்தது. வெள்ளைச் சிப்பாயின் குண்டு நேராகத் தொலைதூரம் போக, இந்தியச் சிப்பாயின் குண்டு பழையபடி நூறு கஜத்துக்குள் தடுமாற வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் இந்தியப் படைக்கு ஒரு தலைமுறை பழைய துப்பாக்கியையே கொடுத்து வந்தார்கள்.

குண்டு சிறுத்த காலம்

1871-இல் பிரிட்டிஷ் படைக்கு வந்த மார்ட்டினி-ஹென்றியின் விட்டம் .45 அங்குலம். 31 கிராம் ஈயம், நொடிக்கு சுமார் 410 மீட்டர் வேகம். கரும்வெடிமருந்தை வைத்துக்கொண்டு அதற்குமேல் பெரிதாக வேகம் கூட்ட வழியில்லை.

வழி பிரான்சில் திறந்தது. 1884-இல் பால் வியேல் என்ற வேதியியலாளர் புகையில்லா வெடிமருந்தை உருவாக்கினார். அதை நம்பி 1886-இல் வந்த லெபெல் ரைஃபிளின் விட்டம் 8 மி.மீ. தான். அதோடு உலகப் படைகள் எல்லாம் குண்டைச் சிறிதாக்கத் தொடங்கின. பிரிட்டன் 1888-இல் .303-க்கு வந்தது.

காரணம் எளிது. பறக்கும் பொருளின் ஆற்றல் எடையோடு நேர்விகிதத்தில் கூடும். வேகத்தோடு வர்க்க விகிதத்தில் கூடும். எடையை இரட்டித்தால் ஆற்றல் இருமடங்கு, வேகத்தை இரட்டித்தால் நான்மடங்கு. 31 கிராம் மார்ட்டினி குண்டின் ஆற்றல் சுமார் 2,600 ஜூல். நொடிக்கு 744 மீட்டர் போகும் 11.3 கிராம் .303 குண்டின் ஆற்றல் 3,100 ஜூல். எடை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தும் வலு கூடிவிட்டது.

வேகம் கூடியதும் புதிய சிக்கல் வந்தது. வெறும் ஈயம் அந்த வேகத்தில் குழலுக்குள் வழித்துக்கொண்டுவிடும். ஆகவே குண்டுக்கு உலோக உறை போட்டார்கள். உறை போட்ட குண்டு உடம்பைத் துளைத்து நேராக வெளியே போனது. வடமேற்கு எல்லையில் 1895-இல் நடந்த சித்ரால் படையெடுப்பில், சுடப்பட்டவர்கள் விழாமல் ஓடிவருகிறார்கள் என்று பிரிட்டிஷ் அதிகாரிகள் குறைபட்டார்கள். கல்கத்தாவுக்கு அருகே டம்டம் படைக்கலச் சாலையில் உறையின் முனையைத் திறந்து ஈயம் தெரியும்படி ஒரு குண்டு செய்தார்கள். பட்டதும் முனை விரிந்து சதையைக் கிழிக்கும். உலகம் முழுக்க அந்த ஊர்ப்பெயராலேயே அது அறியப்பட்டது. 1899 ஹேக் மாநாட்டில் அத்தகைய குண்டுகளைப் போரில் தடைசெய்யும் பிரகடனம் வந்தது.

தடைக்குப் பிறகு என்ன செய்தார்கள் என்பதை 1910-இல் வந்த .303 'மார்க் 7' தோட்டாவைக் கையில் எடுத்துப் பார்த்தால் அறியலாம். மொத்த நீளம் 78 மி.மீ. அதில் பித்தளைக் கூடு மட்டும் 56 மி.மீ. கூட்டின் அடியில் வெளியே நீட்டிய விளிம்பு, நடுவில் வட்டமான தீக்கொப்பி. மேலே கழுத்துப்போல் குறுகி, அதிலிருந்து கூர்முனையோடு குண்டு எட்டிப் பார்க்கும். வெளியே தெரிவது 22 மி.மீ. இன்னும் ஒரு செ.மீ. கழுத்துக்குள் இருக்கிறது. உறை முழுதாக மூடியிருக்கிறது, சட்டப்படி குற்றமில்லை. ஆனால் உறைக்குள்ளே முனைப்பகுதியில் ஈயம் இல்லை. அலுமினியமோ மரக்கூழோ வைத்து அடைத்திருக்கிறார்கள். முனை லேசு, பின்பக்கம் கனம். காற்றில் நேராகப் போகும் குண்டு உடம்புக்குள் நுழைந்ததும் நிலைதடுமாறிப் புரண்டுவிடும். வெளியே நின்று விட்டத்தை அளப்பவருக்கு இது எதுவும் தெரியாது.

1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலாபாகில் .303 ரைஃபிள்களிலிருந்து சுடப்பட்டவை 1,650 தோட்டாக்கள். அரசுக் கணக்கிலேயே 379 பேர் இறந்தார்கள்.

குடிமக்களுக்கு ஒன்று, காவலருக்கு ஒன்று

படைக்கு .303 என்றான பிறகு மற்றவர்களுக்கு எது என்று அரசு முடிவுசெய்தது. காவலர்களுக்கும் சிறைக்காவலுக்கும் இஷாப்பூர் தொழிற்சாலையில் .303 ரைஃபிளின் குழலை .410 அங்குலத்துக்கு அகலப்படுத்திக் கொடுத்தார்கள். காவல்துறையில் '410 மஸ்கட்' என்று வழங்கியது இதுதான். மறுபடியும் அதே வேலை: குழல் அகலமானது, வரிப்பள்ளம் போனது, வலு குறைந்தது.

வேட்டைக்கும் தற்காப்புக்கும் உரிமம் வாங்கிய குடிமக்களுக்கு .315 ரைஃபிள். எண்ணில் .303-ஐவிட ஒரு துளி பெரியது. வேறொரு தோட்டாவுக்காக வடிவமைத்ததால் படைக்குரிய .303 தோட்டாவை அதில் பயன்படுத்த முடியாது. படைக்கிடங்கிலிருந்து தோட்டா திருடினாலும் பயனில்லை என்பதே அந்த எண்ணின் நோக்கம். சுதந்திரத்துக்குப் பிறகும் இந்த வேலி அப்படியே தொடர்ந்தது. இன்றும் நம் ஆயுதச் சட்டப்படி .303-உம் 9 எம்.எம்.-உம் சாதாரண உரிமத்தில் கிடைக்காத 'தடைசெய்யப்பட்ட குழல்விட்ட' வகை. .315 ரைஃபிளும் .32 ரிவால்வரும் உரிமத்தில் கிடைப்பவை.

கைத்துப்பாக்கியின் கதை கொஞ்சம் வேறு. பிரிட்டிஷ் அதிகாரியின் இடுப்பில் இருந்த .455 வெப்லி ரிவால்வரின் குண்டு 17 கிராம், ஆற்றல் சுமார் 300 ஜூல். இன்று உலகமெங்கும் படையும் போலீசும் வைத்திருக்கும் 9 எம்.எம். குண்டு அதில் பாதி எடைகூட இல்லை, சுமார் 8 கிராம்தான். ஆற்றல் 500 ஜூல். ரைஃபிளைப் போல விட்டத்தைப் பாதியாக்கி வேகத்தை இரட்டிக்கும் வித்தை கைத்துப்பாக்கியில் பலிக்கவில்லை. குழல் குட்டை, குண்டு வேகமெடுக்க இடமில்லை. எதிர் உதையை ஒரு மணிக்கட்டுதான் தாங்க வேண்டும். அதனால் படைகளின் கைத்துப்பாக்கிக் குண்டுகள் பெரும்பாலும் 9 முதல் 11.5 மி.மீ.க்குள்ளேயே நூறாண்டுகளாகச் சுற்றிவருகின்றன. அமெரிக்கப் படை 1911-இல் .45-க்குப் போய் 1985-இல் 9 எம்.எம்.-க்கு மாறியது.

இதில் பெயர்களும் கண்ணைக் கட்டும். .38 ஸ்பெஷல் ரிவால்வரின் குண்டு உண்மையில் .357 அங்குலம்தான், அதாவது 9.07 மி.மீ. 9 எம்.எம். பிஸ்டலின் குண்டுக்கும் அதற்கும் முடியளவு வித்தியாசம். பெயரில் உள்ள .38 பழைய தோட்டாக்கூட்டின் வெளிவிட்டத்திலிருந்து வந்தது. .303 என்பதோ குழலுக்குள் வரிமேட்டிலிருந்து வரிமேட்டுக்கு எடுத்த அளவு. பள்ளத்தை நிறைக்க வேண்டியிருப்பதால் குண்டு அதைவிடத் தடித்தது. ஒரே எண்வரிசை போலத் தோன்றினாலும் ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் அளந்தது.

பாதிக்குப் பாதி

1962-இல் சீனாவோடு நடந்த போரில் நம் வீரர்களின் கையில் இருந்தது ஒவ்வொரு சூட்டுக்கும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டிய .303. அந்தத் தோல்விக்குப் பிறகுதான் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் எஸ்.எல்.ஆர். ரைஃபிள் பரவலாக வந்தது. 7.62×51 தோட்டா, சுமார் 9.5 கிராம் குண்டு, 3,300 ஜூல். எண்ணில் முதலாவது விட்டம், இரண்டாவது கூட்டின் நீளம், இரண்டும் மில்லிமீட்டரில்.

அந்த இரண்டாவது எண் முக்கியம். ஏ.கே. துப்பாக்கியும் 7.62 தான், ஆனால் 7.62×39. கூடு 12 மி.மீ. குட்டை, மருந்தும் குறைவு, குண்டு 8 கிராம், ஆற்றல் 2,000 ஜூல். '7.62' என்று மட்டும் எழுதும் செய்தியில் வாசகருக்கு எதுவும் தெரிவதில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது படைகளுக்கு ஒன்று விளங்கியிருந்தது. காலாட்படைச் சண்டையில் பெரும்பாலானவை முந்நூறு மீட்டருக்குள் நடக்கின்றன. ஆயிரம் மீட்டர் போகும் தோட்டாவைச் சுமப்பது வீண்பாரம். ரஷ்யா கூட்டைக் குட்டையாக்கியது. அமெரிக்கா வியட்நாம் காலத்தில் விட்டத்தையே குறைத்து 5.56-க்குப் போனது. 1980-இல் நேட்டோ அதை ஏற்றது. தொண்ணூறுகளில் இந்தியா இன்சாஸ் ரைஃபிளோடு அதே வழியில் சென்றது. 7.62×51 தோட்டா ஒன்று சுமார் 24 கிராம், 5.56 தோட்டா ஒன்று 12 கிராம். அதே பாரத்தில் இருமடங்கு தோட்டா.

பெயர் 5.56, குண்டின் விட்டம் 5.7 மி.மீ. துப்பாக்கிச் சுடும் விளையாட்டில் பிள்ளைகள் பயிலும் .22 ரைஃபிளின் குண்டும் 5.7 மி.மீ. தான். .22-இன் ஆற்றல் சுமார் 140 ஜூல். 4 கிராம் எடையுள்ள 5.56 குண்டு நொடிக்கு 900 மீட்டருக்குமேல் போகிறது, ஆற்றல் 1,700 ஜூல். இந்த வேகத்தில் உடம்புக்குள் நுழையும் குண்டு புரண்டு, உடைந்து சிதறவும் செய்யும். சுற்றியுள்ள சதை ஒரு கணம் பலூன் போல உள்ளிருந்து விரிந்து கிழியும். வெளியே தெரியும் துளை சிறியது. உள்ளே நடந்தது அறுவை மேசையில்தான் தெரியும்.

ஒரே பார்வையில்

பிரவுன் பெஸ்: குண்டு 17.5 மி.மீ., 32 கிராம்.
மார்ட்டினி-ஹென்றி: .45 அங்குலம், 31 கிராம், 2,600 ஜூல்.
.303 மார்க் 7: 7.9 மி.மீ., 11.3 கிராம், 3,100 ஜூல்.
எஸ்.எல்.ஆர்.: 7.8 மி.மீ., 9.5 கிராம், 3,300 ஜூல்.
ஏ.கே.: 7.9 மி.மீ., 8 கிராம், 2,000 ஜூல்.
இன்சாஸ்: 5.7 மி.மீ., 4 கிராம், 1,700 ஜூல்.
9 எம்.எம். பிஸ்டல்: 9 மி.மீ., 8 கிராம், 500 ஜூல்.
.32 ரிவால்வர்: 7.9 மி.மீ., 6.4 கிராம், 150 ஜூல்.

இன்று

படையில் காற்று மறுபடி திசைமாறியிருக்கிறது. 2019-இல் இந்திய இராணுவம் 72,400 சிக் 716 ரைஃபிள்களை வாங்கியது, அவை 7.62×51. அமேதி மாவட்டத்துக் கொர்வாவில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஏ.கே. 203 செய்ய 2021-இல் ஒப்பந்தமானது, அவை 7.62×39. 1966 முதல் இயங்கும் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையின் 'திருச்சி அசால்ட் ரைஃபிள்' எடுப்பதும் 7.62×39 தோட்டாவையே. உடல்கவசம் அணிந்த எதிரியை மனதில் வைத்து அமெரிக்கப் படை 2022-இல் 6.8 மி.மீ.யைத் தேர்ந்தெடுத்தது. குண்டு சிறுத்துக்கொண்டே போகும் என்பது விதியல்ல. எதிரில் நிற்பவன் யார், எவ்வளவு தூரத்தில், எதை அணிந்திருக்கிறான் என்பதைப் பொறுத்து அது மாறுகிறது.

காவல்துறையில் மாற்றம் மெதுவாகத்தான் வந்தது. 2008 நவம்பரில் மும்பை சத்திரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் ஏ.கே. ஏந்தி வந்தவர்களைப் பழைய .303-ஓடு காவலர்கள் எதிர்கொண்டார்கள். குண்டின் வலுவில் .303 மேலானது. ஆனால் அதில் பத்துத் தோட்டா, ஒவ்வொன்றுக்கும் போல்ட்டை இழுக்க வேண்டும். எதிரே முப்பது தோட்டா, விரலை அழுத்தினால் போதும். 2020 குடியரசு நாளில் உத்தரப் பிரதேசக் காவல்துறை .303-க்கு விடைகொடுத்தது.

அந்தக் காவலர்களுக்கு நல்ல ஆயுதம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் பயங்கரவாதியை எதிர்கொள்ளும் ஆயுதத்தையே ஊர்வலம் வரும் மக்களின் முன்னாலும் நிறுத்தலாமா? 2018 மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராகத் திரண்ட மக்கள்மீது காவல்துறை சுட்டதில் 13 பேர் இறந்தார்கள். பயன்படுத்திய ஆயுதங்களில் எஸ்.எல்.ஆரும் இருந்தது. பல நூறு மீட்டருக்கு அப்பால் போர்க்களத்தில் நிற்கும் எதிரியை வீழ்த்த வடிவமைத்த 3,300 ஜூல் தோட்டா அது. நெரிசலான தெருவில் ஒருவரைத் துளைத்துவிட்டுப் பின்னால் நிற்பவரையும் அது வீழ்த்தும். முழங்காலுக்குக் கீழே சுடு என்று விதி எழுதிவைத்தாலும், அந்தக் குண்டு பட்ட காலுக்குள் எலும்பு தூளாகும்.

வெள்ளை அரசு தன் சிப்பாயை நம்பாமல் குழலை அகலப்படுத்தியது, காவலருக்கு வலுக் குறைந்த மஸ்கட் கொடுத்தது. நோக்கம் கெட்டது, ஆனால் எந்த வேலைக்கு எந்தத் துப்பாக்கி என்பதை அரசுதான் தீர்மானிக்கிறது, அதை மாற்றவும் அரசால் முடியும் என்பதற்கு அதுவே சான்று. துப்பாக்கியின் விட்டத்தைச் சொல்லும் எண்ணுக்குப் பின்னால் எப்போதும் ஒரு கொள்கை முடிவு இருக்கிறது.

ஆகவே செய்தி எழுதுபவர்களுக்கும் விசாரணை ஆணையங்களுக்கும் என் வேண்டுகோள்: தோட்டாவின் முழுப்பெயரை எழுதுங்கள், எந்தத் துப்பாக்கி என்று எழுதுங்கள், எத்தனை மீட்டரிலிருந்து சுடப்பட்டது என்று எழுதுங்கள். அரசுக்கும் ஒன்று: மக்கள் கூடும் இடத்துக்கு அனுப்பும் காவலர் கையில் போர்க்களத் தோட்டா வேண்டாம். அதை ஒரு சுற்றறிக்கையாலேயே நிறுத்திவிடலாம்.